உலோகத்தை வாசிப்பவர்கள்

விநாடிக்கு 900 வெடிப்புகள். 1966-இல் ஹோண்டாவின் ஆர்சி166 பந்தய மோட்டார் சைக்கிள் முழு வேகத்தில் ஓடியபோது அதன் எஞ்சினுக்குள் நடந்தது இதுதான். ஆறு சிலிண்டர்கள், நிமிடத்துக்கு 18,000 சுழற்சிகள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஆகவே ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு 150, ஆறுக்கும் சேர்த்து 900. இந்த எண்ணைச் சுருதியாக மாற்றிப் பாருங்கள். விநாடிக்கு 220 அதிர்வில் சட்ஜம் வைத்துப் பாடும் பாடகி அங்கிருந்து இரண்டு ஸ்தாயி ஏறினால் 880-ஐத் தொடுவார். அதற்கும் சற்று மேலே ஒலித்தன அந்த வண்டியின் ஆறு புகைக்குழாய்கள்.

இன்றும் சில பழைய வண்டிப் பந்தயங்களில் இந்த ஒலியைக் கேட்கலாம். ஆனால் ஒலிப்பது அறுபதுகளில் வார்த்த உலோகமாக இல்லாமலும் இருக்கலாம். அசலைத் திருகாணி திருகாணியாகப் பிரித்து, அளந்து, மறுபடி வார்த்துக் கடைந்த ரெப்ளிகா, அதாவது நகல் வண்டி, அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம். நகலெடுப்பதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். ஒரு பந்தய எஞ்சினை நகலெடுப்பது, அதை முதன்முதலில் வடிவமைத்தவரின் மனத்துக்குள் போய்வருவதற்குச் சமம்.

முதலில் அசலின் அருமையைப் பார்ப்போம். ஆர்சி166 வெறும் 247 சிசி. நம் தெருவில் ஓடும் 100 சிசி பைக் ஏறத்தாழ 8 குதிரைத்திறன் தருகிறது. அதைவிட இரண்டரை மடங்கு கொள்ளளவு கொண்ட இந்த எஞ்சின் 60 குதிரைத்திறனுக்கு மேல் தந்தது. வண்டியின் எடை 112 கிலோ, வேகம் மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல். மைக் ஹெயில்வுட் 1966-இல் இதை ஓட்டிப் பத்து கிராண்ட் பிரீ பந்தயங்களில் வென்று 250 சிசி உலகப் பட்டத்தைப் பெற்றார். 1967-லும் பட்டம் அவருக்கே. இந்த எஞ்சின் குடும்பத்தை உருவாக்கிய பொறியாளர் ஷோய்ச்சிரோ இரிமாஜிரி. 1964-இல் மோன்ஸாவில் அதன் முதல் வடிவம் களமிறங்கியபோது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்.

ஏன் ஆறு சிலிண்டர்? விடை பள்ளிக் கணக்கில் இருக்கிறது. ஒரு பிஸ்டனின் எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் அதன் முகப்பரப்பு கால் பங்காகும். எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். எரிவாயு தள்ளுவது பரப்பை, உலோகத்தை முறிக்கப் பார்ப்பது எடை. எனவே பிஸ்டனைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால், உடையாமல் இன்னும் வேகமாகச் சுழற்றலாம். ஆர்சி166-இன் ஒவ்வொரு சிலிண்டரும் சுமார் 41 சிசிதான். அதற்குள் பிஸ்டன் விநாடிக்கு 600 முறை நின்று திரும்பியது. ஹோண்டா இந்தக் கணக்கை இன்னும் கீழே கொண்டுபோனது. அதே காலத்து 50 சிசி ஆர்சி116-க்கு இரண்டு சிலிண்டர், 125 சிசி ஆர்சி149-க்கு ஐந்து. இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 35.5 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 25.14 மி.மீ. ஒன்று 21,500 சுழற்சி, மற்றது 20,500 சுழற்சி.

இப்படிப்பட்ட வண்டிகள் ஏன் அரிதாகிப் போயின? அவை விற்பனைக்கு வந்த பொருள்களே அல்ல. தொழிற்சாலை தன் அணிக்காக விரல்விட்டு எண்ணும் அளவில் செய்தவை. உதிரிப் பாகக் கடையும் கிடையாது, பணிமனைக் கையேடும் கிடையாது. 1967 பருவத்துக்குப் பிறகு ஹோண்டா இருசக்கரப் பந்தயத்திலிருந்து விலகியது. போட்டி முடிந்த பந்தய வண்டி தொழிற்சாலைக்கு இடத்தை அடைக்கும் சுமை, வேண்டாதவர் கையில் சிக்கினால் ரகசியம் போய்விடும் என்ற கவலை வேறு. எஞ்சியவை சில. அவற்றில் ஒன்று ஓடும்போது பிஸ்டன் உடைந்தால், உலகில் எங்கும் மாற்றுப் பிஸ்டன் இல்லை. ஒருவர் அதைச் செய்தாக வேண்டும். பாகத்தைச் செய்யத் தெரிந்தவருக்கு அடுத்த கேள்வி தானாக எழும்: முழு வண்டியையே செய்தால் என்ன? ஆர்சி166-இன் உடன்பிறப்பான 297 சிசி ஆர்சி174, 1967-இல் ஹெயில்வுட்டுக்கு 350 சிசி பட்டம் வாங்கித் தந்தது. பிரிட்டனின் ஜார்ஜ் பீல், பிரான்சின் ஜேபிஎக்ஸ் பொறியியலாளர்களுடன் சேர்ந்து அதன் நகல்களை ஓடும் நிலையில் உருவாக்கினார். அசல் எஞ்சின் ஒன்றைப் பிரித்து அளந்துதான் வேலை தொடங்கியது.

அளப்பது என்றவுடன் எளிதாகத் தெரியும். முதல் புதிர் அங்கேயே காத்திருக்கிறது. அரை நூற்றாண்டு பழைய தண்டு ஒன்றை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 19.97 மி.மீ. காட்டுகிறது. அப்படியே செய்தால் நீங்கள் நகலெடுப்பது தேய்மானத்தை. வடிவமைத்தவர் வரைபடத்தில் எழுதியது 20 ஆக இருக்கும், மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கை ஓட்டம் தின்றிருக்கும். ஆனால் எல்லா எண்ணையும் இப்படி முழுமையாக்கவும் முடியாது. பக்கத்துப் பாகம் தாராளமாகச் சுழல வேண்டும் என்பதற்காகவே 19.97 என்று எழுதியிருக்கவும் கூடும். எது தேய்வு, எது நோக்கம்? தேய்மானம் பெரும்பாலும் ஒருபக்கமாக விழும், நோக்கம் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். எண்ணெய் போகும் வழி, உராய்வின் கோடு, பக்கத்துப் பாகத்தின் அளவு ஆகிய சாட்சிகளை விசாரித்து, இல்லாமல் போன வரைபடத்தை மீட்டெழுத வேண்டும். இதற்குத் தலைகீழ்ப் பொறியியல் என்று பெயர்: பொருளிலிருந்து திட்டத்துக்குத் திரும்பும் பயணம்.

இரண்டாவது புதிர் வார்ப்படத்தில். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸை நகலெடுக்க நேர்வழி என்ன? அசலையே மணலில் அழுத்தி அச்செடுத்து உலோகத்தை ஊற்றுவதுதானே. செய்து பாருங்கள், சிறிய கிராங்க்கேஸ் ஒன்று கிடைக்கும். உருகிய அலுமினியக் கலவை உறைந்து ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ 1.3 விழுக்காடு சுருங்குகிறது. 300 மி.மீ. நீளத்தில் இது 4 மி.மீ. ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சண்டை நடக்கும் இடத்தில் நான்கு மில்லிமீட்டர் என்பது பெரும் பள்ளம். இதற்காகவே மர அச்சு செய்யும் தச்சர்கள் ஒரு விசேஷ அளவுகோல் வைத்திருப்பார்கள். அதில் 100 என்று குறித்த இடம் உண்மையில் 101.3 மி.மீ. வருங்காலச் சுருக்கத்தை முன்கூட்டியே கோடுகளுக்குள் ஒளித்துவைத்த அளவுகோல்! இந்தச் சுருக்கமே போலியைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியும் ஆகிறது. அசலை அப்படியே அச்சாக வைத்து வார்த்த பாகத்தில், கடைசலுக்கு உட்படாத விளிம்புகளும் குளிர்த்தகடுகளும் எங்கும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கும்.

இன்று இந்தத் தச்சு வேலையில் பெரும்பங்கைக் கணினி எடுத்துக்கொண்டது. அசல் பாகத்தை லேசர் கொண்டு வருடி முப்பரிமாண உருவம் எடுக்கிறார்கள். வெளியிலிருந்து தெரியாத உட்குழாய்களைப் பார்க்க, மருத்துவமனையில் மூளையைப் படமெடுக்கும் அதே சிடி முறையை உலோகத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். திரையில் சுருக்கத்துக்கான கூடுதலைச் சேர்த்துவிட்டு, மணல் அச்சையே அச்சுப்பொறியில் அடுக்கடுக்காக அச்சிட்டுவிடலாம். ஒரு மணல் அடுக்கின் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வாரக்கணக்கில் உளி பிடித்துச் செய்த வேலை சில நாட்களில் முடிகிறது.

மூன்றாவது புதிர்தான் உச்சம். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் எனப்படும் முட்டை வடிவக் குமிழ். ஆர்சி166-இல் சிலிண்டருக்கு நான்காக 24 வால்வுகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 150 முறை திறக்க வேண்டும். அப்படியானால் கேம் தண்டு ஒரு பாகை திரும்ப எடுக்கும் நேரம் விநாடியில் 54,000-இல் ஒரு பங்கு. கேமின் வடிவத்தைப் பாகைக்குப் பாகை அளந்து நகல் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் வெறும் 5 மைக்ரான் பிழை நேர்ந்துவிட்டது. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவான மேடு இது, கண்ணுக்கும் தெரியாது, நகத்துக்கும் உறைக்காது. 18,000 சுழற்சியில் அந்த மேடு வால்வைத் தூக்கியடிக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஆயிரம் மடங்கைத் தாண்டும். வால்வு துள்ளும், சுருள்வில் நடுங்கும், சில நிமிடங்களில் எஞ்சின் நொறுங்கும். ஆகவே அளந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. அவற்றின் ஊடே ஓடும் வழுவழுப்பான வளைகோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அறுபதுகளின் பொறியாளர் காகிதத்தில் கணக்கிட்ட கோடு அது. அளவைவிட உண்மையான ஒரு கோடு!

கிராங்க் தண்டிலும் ஒரு வித்தை ஒளிந்திருக்கிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் இந்தத் தண்டு, பல துண்டுகளாகச் செய்து அழுத்திப் பொருத்தப்பட்டது. காரணம், அதன் உருளைத் தாங்கிகள். இணைப்புக் கம்பியின் கீழ்வளையம் வெட்டில்லாத முழு வளையமாக இருந்தால்தான் உருளைகள் தடங்கலின்றி ஓடும். முழு வளையத்தை வளைந்து நெளிந்த தண்டில் மாட்ட முடியாதே! எனவே தண்டைத் துண்டாக்கி, வளையங்களை மாட்டி, பிறகு பல டன் அழுத்தத்தில் ஒன்றாக்கினார்கள். பொருத்திய பின் எல்லாத் துண்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் சுழல வேண்டும். விலகல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குக்குள் நிற்க வேண்டும். நகல் செய்பவரிடம் நவீன இயந்திரங்கள் எத்தனை இருந்தாலும், இந்த இடத்தில் செப்புச் சுத்தியலும் பொறுமையும்தான் கடைசித் திருத்தத்தைச் செய்கின்றன.

எல்லா நகல்களும் இவ்வளவு அரிய வண்டிகளுடையவை அல்ல. மிக அதிகமாக மறுபடி செய்யப்படும் பந்தய வண்டிகளில் ஒன்று பிரிட்டனின் மேங்க்ஸ் நார்ட்டன். ஒற்றைச் சிலிண்டர், 500 சிசி, ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அறுபதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. ஆனால் வண்டி நிற்கவில்லை. இங்கிலாந்தின் ஆண்டி மோல்னார் போன்றவர்கள் அதன் எஞ்சினையும் முழு வண்டியையும் இன்றும் புதிதாகச் செய்து தருகிறார்கள். தாய் நிறுவனம் கைவிட்ட பிறகும் பட்டறைகள் வழியாக உயிரோடிருக்கும் இயந்திரம் இது.

மேங்க்ஸின் சட்டகம் தனியொரு அதிசயம். ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த இந்த இரட்டைக் குழாய்ச் சட்டகம் 1950-இல் வந்தது. ஓட்டிய ஹெரால்ட் டேனியல் இறகு மெத்தையில் போவது போலிருக்கிறது என்றார், ‘ஃபெதர்பெட்’ என்ற பெயரே நிலைத்தது. குழாய்கள் ரெனால்ட்ஸ் 531 எனும் மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த எஃகு. இதை எஃகு உருகும் 1,500 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிப் பற்றவைத்தால், மெல்லிய குழாய் மூட்டருகே வலுவிழக்கும். அதனால் ஏறத்தாழ 900 பாகையில் உருகும் வெண்கலக் கம்பியைக் கொண்டு மூட்டுகளை இணைத்தார்கள். எஃகு உருகவே இல்லை, வெண்கலம் அதைப் பற்றிக்கொண்டது. நகல் செய்பவரும் இதே முறையில் இணைத்தால்தான் சட்டகம் அதே விதமாக வளைந்து நிமிரும். ஓட்டுநரின் உடம்பு இந்த வித்தியாசத்தை முதல் வளைவிலேயே உணர்ந்துவிடும்.

எடை குறைக்க மேங்க்ஸின் எஞ்சின் பெட்டி மெக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டது. அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. ஆனால் ஈரம் பட்டால் அரித்துப்போகும் உலோகம் அது. பல அசல் பெட்டிகள் இன்று வலுவிழந்து நிற்கின்றன. அவற்றை ஓட்டினால் விரிசல் விடலாம், ஓட்டாவிட்டால் வண்டி ஊமை. இங்கே நகல் பாகமே அசலைக் காப்பாற்றும் வழி. பழைய பெட்டி அலமாரியில் பத்திரமாக இருக்க, புதிய பெட்டி பந்தயத்துக்குப் போகிறது.

வண்டிக்கு உள்ளே ஊற்றும் எண்ணெயிலும் அசல் உண்டு. அறுபதுகளின் பந்தயத் திடலில் கமழ்ந்தது ஆமணக்கு எண்ணெயின் மணம், நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற எண்ணெயின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. ஆமணக்கு எண்ணெயின் மூலக்கூறுகள் உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்வதில் கெட்டி. கடுஞ்சூட்டிலும் படலம் எளிதில் கிழியாது. குறை என்னவென்றால் பிசினாக உறையும், அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இன்றைய செயற்கை எண்ணெய் அதைவிட வசதியானது. ஆனாலும் பலர் இன்றும் ஆமணக்கையே ஊற்றுகிறார்கள், அந்த மணமும் வண்டியின் ஒரு பாகம் என்று எண்ணி.

இவ்வளவு நேர்த்தியாக நகல் செய்ய முடியும் என்றால், அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கருவி பழைய புகைப்படம். ஒவ்வொரு மூட்டிலும் பற்றவைப்பின் அலைகள் விழுந்திருக்கும் விதம் கையெழுத்தைப் போல் தனித்தது. தொட்டியின் ஓர் ஒடுக்கு, வார்ப்பின் ஒரு குழி, திருகாணி கழலாமலிருக்கக் கம்பி கோத்த துளையின் இடம் என ஒவ்வொன்றையும் பந்தய நாளின் படத்தோடு ஒப்பிடுகிறார்கள். அடுத்த சாட்சி மரை. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. ஐந்து பாகை வித்தியாசம் ஒரு திருகாணியின் பிறப்பைப் பற்றித் துப்புத் தரும். பிறகு எக்ஸ்-கதிர் ஒளிர்வு அளவி. கைத்துப்பாக்கி போன்ற இந்தக் கருவியை உலோகத்தின்மேல் வைத்தால், கதிர் பட்ட அணுக்கள் ஒவ்வொன்றும் தத்தம் அலைநீளத்தில் ஒளிவிடும், சில விநாடிகளில் கலவை தெரியும். ரெனால்ட்ஸ் 531 என்று சொல்லப்பட்ட குழாயில் குரோமியம் கணிசமாகத் தெரிந்தால், அது வேறு எஃகு.

எல்லாவற்றிலும் வியப்பானது எண்களின் கதை. எஞ்சினிலும் சட்டகத்திலும் வரிசை எண்ணைக் குத்துவார்கள். போலி செய்பவர் பழைய எண்ணை அரத்தால் அராவி, புகழ்பெற்ற வண்டியின் எண்ணைக் குத்துவார். ஆனால் எண்ணைக் குத்தும் அடி, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கும் கீழே உள்ள உலோகப் படிகங்களை நசுக்கிவிடுகிறது. மேற்பரப்பை அராவி எடுத்தாலும் அந்த நசுங்கல் அடியில் தங்கியிருக்கும். பரப்பை மெருகேற்றி அமிலக் கரைசலைத் தடவினால், நசுங்கிய படிகங்கள் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு அரிக்கப்படும், அழிக்கப்பட்ட எண் மெல்ல எழுந்து வரும்! திருட்டு வண்டிகளின் எண்ணைக் கண்டறிய நம் ஊர்த் தடயவியல் ஆய்வகங்களும் இதே முறையைத்தான் கையாளுகின்றன. உலோகம் தான் வாங்கிய அடியை மறப்பதில்லை.

ஆனால் பந்தய வண்டியில் அசல் என்ற சொல்லே வழுக்கும். வீட்டு வண்டியைப் போல் அது ஒரே உடம்போடு வாழ்ந்ததில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்தார்கள், பிஸ்டனை மாற்றினார்கள், விழுந்து வளைந்த சட்டகத்தைக் கழற்றிவிட்டு அணியிடமிருந்த இன்னொன்றைப் போட்டார்கள். ஒரே பருவத்தில் மூன்று எஞ்சின்கள் இரண்டு சட்டகங்களுக்குள் மாறி மாறி உட்கார்ந்திருக்கலாம். அந்த வெற்றியைப் பெற்ற வண்டி எது என்று கேட்டால், இன்று உயிரோடிருக்கும் இரண்டு வண்டிகள் ஆளுக்குக் கொஞ்சம் உரிமை கோரக்கூடும். இரண்டுமே பொய் சொல்வதாகாது.

ஆகவே இத்துறையினர் அசல், நகல் என்று இரண்டே பெட்டி வைத்துப் பிரிப்பதில்லை. பந்தயக் காலத்திலிருந்து பெரிதும் மாறாத வண்டி ஒன்று, பழைய பாகங்களோடு செப்பனிட்டது இன்னொன்று, பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது மூன்றாவது, எல்லாமே புதிதாகச் செய்த துல்லிய நகல் நான்காவது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம், மாற்றிப் பொருத்தும் பாகங்களில் நிலையான, ஆனால் கண்ணை உறுத்தாத அடையாளம் இட வேண்டும் என்று கேட்கிறது. நல்ல நகல் செய்பவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போகிறார்கள். தங்கள் வண்டிக்குத் தங்கள் சொந்த வரிசை எண்ணைக் குத்துகிறார்கள். எந்தப் பாகம் எப்போது செய்தது, எந்த உலோகத்தில் செய்தது என்று ஏட்டில் எழுதி வைக்கிறார்கள். நகலெடுப்பது பிழையே அல்ல. நகலெடுத்ததை மறைப்பதுதான் பிழை.

நகல் வண்டி நமக்குத் தருவது அந்த ஒலியை மட்டுமல்ல. கேமின் கோடு, வார்ப்பின் சுருக்கம், தண்டின் பொருத்தம் என ஒவ்வொன்றும் அதைச் செய்தவர்களின் கையிலும் தலையிலும் இருந்த அறிவு. அவர்கள் போன பிறகு அது உலோகத்துக்குள் உறைந்து கிடக்கிறது. அருங்காட்சியகத்தில் அசலைப் பார்ப்பவருக்கு அதன் வடிவம் தெரியும். அதை மறுபடி செய்து, ஓட்டி, உடைத்து, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பவருக்குத்தான் காரணம் தெரியும். அசல் வண்டி நமக்கு வேண்டும், அது சான்று. நேர்மையான நகலும் வேண்டும், அந்தச் சான்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அது காட்டுகிறது. அடுத்த முறை பழைய பந்தய வண்டி ஒன்றைக் கண்டால், இது அசலா என்ற கேள்வியோடு நிறுத்த வேண்டாம். இதில் எது எப்போது செய்யப்பட்டது, எப்படிச் செய்யப்பட்டது, அதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நேர்மையாகச் செய்தவர் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருப்பார், ஏட்டைத் திறந்து ஒவ்வொரு பாகமாகச் சொல்லத் தொடங்குவார்.